ஒரு கம்ப்யூட்டர், பல குடித்தனம்: கெர்னலுக்குள் ஓடும் கே.வி.எம் கதை

ஃப்ளாப்பி டிஸ்க் ஞாபகம் இருக்கிறதா? இன்றைய பள்ளிப் பிள்ளைகளுக்கு அது 'சேவ்' பட்டனில் இருக்கும் சதுரப் படம், அவ்வளவுதான். அந்த ஃப்ளாப்பிதான் 2015 மே மாதம் உலகம் முழுக்க டேட்டா சென்டர்களில் வேலை பார்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த டேட்டா சென்டர்களில் ஒரு ஃப்ளாப்பி டிரைவ்கூட இல்லை என்பதுதான் வேடிக்கை.

க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர் கண்டுபிடித்த அந்தக் கோளாறுக்கு 'வெனம்' என்று பெயர் வைத்தார்கள். விஷம்! அது ஏன் விஷம் என்று புரிய, முதலில் 'விர்ச்சுவல் மெஷின்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல நடிக்க வைப்பதுதான் விர்ச்சுவல் மெஷின். விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு ஜன்னலைத் திறந்து அதற்குள் லினக்ஸை ஓட்டும் காலேஜ் மாணவர்கள் தினமும் செய்வது இதைத்தான். டேட்டா சென்டரில் இதே வேலை பெரிய அளவில் நடக்கிறது. ஒரு பெரிய மெஷினில் நாற்பது ஐம்பது வாடிக்கையாளர்கள் குடியிருக்கலாம். ஒருவர் துணிக்கடை வெப்சைட் நடத்துவார், இன்னொருவர் ஆஸ்பத்திரிக் கணக்கு வைத்திருப்பார், மூன்றாமவர் யாரென்றே தெரியாது. அந்தக்கால ஒண்டிக்குடித்தனம் மாதிரிதான். ஒரு வித்தியாசம், இங்கே ஒவ்வொரு குடித்தனக்காரரும் 'மொத்த வீடும் என்னுடையது' என்று முழுமனதாக நம்பிக்கொண்டிருப்பார். பக்கத்து போர்ஷனில் ஆள் இருப்பதே அவருக்குத் தெரியக் கூடாது.

அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தால்? அதுதான் வெனம்.

குடித்தனக்காரர்களுக்குப் போலியான கீபோர்டு, போலியான டிஸ்க், போலியான நெட்வொர்க் கார்டு எல்லாவற்றையும் செய்து கொடுப்பது க்யூ.இ.எம்.யு. என்ற மென்பொருள். ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-ல் தொடங்கியது. அதில் ஒரு போலி ஃப்ளாப்பி கன்ட்ரோலரும் உண்டு. வரும் கட்டளைகளைத் தாங்கி வைக்க அதற்கு 512 பைட் அளவில் ஒரு சின்னப் பெட்டி. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் பெட்டியைக் காலி செய்ய வேண்டும். இரண்டு குறிப்பிட்ட கட்டளைகளுக்கு மட்டும் அந்தக் காலி செய்யும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. ஆக, உள்ளே இருப்பவர் தொடர்ந்து தகவலைத் தள்ளிக்கொண்டே இருந்தால் பெட்டி நிரம்பி, வீட்டு ஓனரின் நினைவகத்தில் வழியும். சாமர்த்தியமாக வழியவிட்டால் ஓனரின் சாவியே கைக்கு வரலாம். 2004-ல் நுழைந்த பிழை, பதினோரு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. ஃப்ளாப்பியே வேண்டாம் என்று அட்மின் எடுத்துவிட்டாலும் அந்த கோடு உள்ளே உயிரோடுதான் இருந்தது. நல்லவேளை, செய்தி வெளியானபோது யாரும் இதை வைத்துத் தாக்கியதாகத் தகவல் இல்லை.

சரி, இந்தக் குடித்தனத்தை நடத்தும் ஓனர் யார்? லினக்ஸ் உலகில் பதில், கெர்னல். அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுமையம். எந்த புரோகிராமுக்கு எவ்வளவு நேரம் பிராசஸர், யாருக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு பிரிப்பது அதுதான். அந்த கெர்னலுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் வசதியைச் சேர்த்த கதைதான் கே.வி.எம். 'கெர்னல் பேஸ்டு விர்ச்சுவல் மெஷின்' என்பதன் சுருக்கம்.

பொய் சொன்ன பிராசஸர்

யோசனை புதிதல்ல. ஐ.பி.எம். 1960-களிலேயே தன் பெரிய மெயின்ஃபிரேம்களில் இதைச் செய்துவிட்டது. 1974-ல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு பிராசஸர் இதற்குத் தகுதியானதா என்று பார்க்க ஒரு நிபந்தனையும் எழுதி வைத்தார்கள். குடித்தனக்காரர் மெயின் ஸ்விட்ச்சில் கைவைத்தால் உடனே ஓனருக்குத் தகவல் போக வேண்டும். சுருக்கமாக அவ்வளவுதான்.

நம் வீட்டு கம்ப்யூட்டர்களில் இருக்கும் இன்டெல் வகை பிராசஸர் இந்தப் பரீட்சையில் ஃபெயில். 2000-ல் வந்த ஓர் ஆய்வு, பென்டியத்தில் இப்படிப்பட்ட 17 கட்டளைகள் ஓனருக்குத் தெரியாமல் நழுவுகின்றன என்று பட்டியல் போட்டது. அதில் ஒன்று 'பாப்-எஃப்'. 'இப்போதைக்கு யாரும் என்னைக் கூப்பிடாதீர்கள்' என்று பெல்லை அணைக்க இதைப் பயன்படுத்தலாம். உரிமை இல்லாத ஒருவர் இதைச் சொன்னால் பிராசஸர் 'முடியாது' என்று மறுத்திருக்க வேண்டும். அது மறுக்கவும் இல்லை, செய்யவும் இல்லை. சும்மா இருந்துவிட்டது! உள்ளே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டமோ பெல் அணைந்துவிட்டதாக நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும். பிறகு எப்போதோ, எங்கேயோ கவிழும்.

1998-ல் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம் இதற்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டது. உள்ளே ஓடும் கோடை ஓடும்போதே படித்து, ஆபத்தான கட்டளைகளை மட்டும் மாற்றி எழுதியது. 2003-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜென், குடித்தனக்காரரிடமே உண்மையைச் சொல்லி 'கொஞ்சம் ஒத்துழையுங்கள்' என்று கேட்டது. கடைசியில் பிராசஸர் தயாரிப்பாளர்களே இறங்கி வந்தார்கள். 2005 நவம்பரில் இன்டெல்லும், 2006 மே மாதம் ஏ.எம்.டி.யும் இந்த வசதியைச் சிப்பிலேயே வைத்து வெளியிட்டன.

அங்கேதான் அவி கிவிட்டி வருகிறார். இஸ்ரேலில் கும்ரானெட் என்ற சின்ன ஸ்டார்ட்-அப்பில் வேலை பார்த்த புரோகிராமர். அவருடைய கேள்வி எளிமையானது. நேரத்தைப் பங்கு பிரிக்க, மெமரியைப் பங்கு பிரிக்க லினக்ஸுக்கு ஏற்கெனவே தெரியும். அப்புறம் எதற்கு அதற்கு அடியில் இன்னொரு தனி ஓனர்? ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினையும் சாதாரண லினக்ஸ் புரோகிராம் மாதிரியே நடத்தினால் போதாதா?

2006 அக்டோபரில் அந்த கோடை வெளியிட்டார். டிசம்பரில் கெர்னலுக்குள் சேர்ந்தது. 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20-ல் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. கெர்னல் உலகில் இது அசுர வேகம். அதற்கு முன்பே பிரபலமாக இருந்த ஜென், ஓனர் பக்கத்து கோடை முழுமையாக உள்ளே சேர்க்க 2011 வரை காத்திருந்தது. கே.வி.எம் ஜெயித்ததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை. இருக்கும் வீட்டை இடிக்காமல் ஒரு அறை மட்டும் சேர்த்துக் கட்டினார்கள், அதனால் வீட்டில் இருந்தவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. 2008 செப்டம்பரில் ரெட் ஹேட் நிறுவனம் 10.7 கோடி டாலர் கொடுத்து கும்ரானெட்டை வாங்கிவிட்டது.

ஏ.எம்.டி.யில் ஓடுது, இன்டெல்லில் ஓடல!

சேர்த்தாகிவிட்டது. ஆனால் ஓடியதா?

ஓடியது, சில சமயம். ஆரம்பகாலத்தில் வந்த ஒரு வினோதமான புகாரைக் கேளுங்கள். சில லினக்ஸ் சி.டி.களைப் போட்டால் முதலில் ஓர் அழகான வண்ண மெனு வரும். விர்ச்சுவல் மெஷினில் அதே சி.டி.யைப் போட்டால் ஏ.எம்.டி. கம்ப்யூட்டரில் மெனு வந்தது. இன்டெல்லில் அந்த இடத்திலேயே உயிர் போனது. சி.டி. ஒன்றுதான், கே.வி.எம்மும் ஒன்றுதான்.

காரணத்தைத் தேடிப் போனால் 1978-க்குப் போக வேண்டியிருந்தது. பி.சி.யை ஆன் செய்த முதல் நொடியில், எவ்வளவு புது பிராசஸராக இருந்தாலும், அது தன்னை 1978-ல் வந்த 8086 சிப் என்றே நினைத்துக்கொண்டு எழும். இதை 'ரியல் மோட்' என்பார்கள். பிறகுதான் படிப்படியாக நவீன நிலைக்கு ஏறும். ஏ.எம்.டி. தன் புது வசதியில் இந்தப் பழைய நிலைக்கும் இடம் கொடுத்திருந்தது. இன்டெல்லின் முதல் தலைமுறை வசதியோ, 'குடித்தனக்காரர் எப்போதும் நவீன நிலையில்தான் இருக்க வேண்டும்' என்று கறாராகச் சொல்லிவிட்டது. குழந்தை தவழாமல் நேரே நடந்தபடி பிறக்க வேண்டும் என்கிற மாதிரி!

கே.வி.எம் ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டுவதற்காக பிராசஸரில் ஏற்கெனவே இருந்த இன்னொரு நிலையில் கெஸ்ட்டை வைத்து, ரியல் மோட் போல நடிக்கச் செய்தார்கள். பெரும்பாலும் பலித்தது. பிரச்னை, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அந்தக் கண நேரத்தில். அப்போது பிராசஸரின் சில உள் பெட்டிகளில் பழைய நிலையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நிஜ கம்ப்யூட்டரில் அது ஒரு தப்பே இல்லை. வண்ண மெனு எழுதியவர்கள் அதை நம்பித்தான் எழுதியிருந்தார்கள். இன்டெல்லின் காவல்காரர் மட்டும் 'இந்த நிலை செல்லாது' என்று கதவைச் சாத்தினார். திரையில் வரும் பிழை எண்ணில் 80000021 என்று இருக்கும். கே.வி.எம்மோடு மல்லுக்கட்டிய அட்மின்களுக்கு இந்த எண் மனப்பாடம்.

கடைசியில் செய்த தீர்வு ரொம்ப மெனக்கெட்ட வேலை. பிராசஸர் ஏற்க மறுக்கும் அந்த இடைவேளையில், கே.வி.எம்மே ஒவ்வொரு கட்டளையாகப் படித்து, பிராசஸர் செய்யும் வேலையை மென்பொருளிலேயே செய்து, நிலை ஒழுங்கானதும் மறுபடி சிப்பிடம் ஒப்படைப்பது. இதற்காக எழுதிய கோடு பல ஆயிரம் வரிகளாக வளர்ந்து நின்றது. 2010-ல் இன்டெல் தன் புது சிப்களில் ரியல் மோடுக்கு அனுமதி கொடுத்த பிறகுதான் இந்தத் தலைவலி குறைந்தது. வண்ண மெனு ஒன்று தெரிய இத்தனை பாடு.

இன்னொரு புகார், கடிகாரம். விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் விண்டோஸில் நேரம் மெல்ல மெல்லப் பின்தங்கும். விஷயம் இதுதான். அந்தக்கால விண்டோஸ், நொடிக்கு இத்தனை முறை தட்டும் ஒரு டிக் ஒலியை எண்ணி நேரம் பார்க்கும். ஓனர் வேறு குடித்தனக்காரருக்கு பிராசஸரைக் கொடுத்திருக்கும் நேரத்தில் வந்த டிக்குகள் சேர்ந்துபோய், திரும்பி வரும்போது நான்கு டிக் ஒன்றாகிவிடும். தூங்கி எழுந்தவருக்குத் தான் தூங்கியதே தெரியாத நிலை. தவறவிட்ட டிக்குகளை எண்ணி வைத்து, பிறகு கொஞ்சம் வேகமாகத் தட்டி ஈடுகட்ட ஏற்பாடு செய்தார்கள். லினக்ஸ் கெஸ்ட்டுகளுக்கு, ஓனரிடமே நேரம் கேட்டுக்கொள்ளும் தனிக் கடிகாரம் தரப்பட்டது.

இப்படிப்பட்ட பிழைகளை எப்படித்தான் பிடிக்கிறார்கள்? ஒவ்வொரு கெர்னல் வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கும் மேல் மாற்றங்கள் வருகின்றன. போன பதிப்பில் ஓடியது, இதில் ஓடவில்லை என்றால் பழி யார் மேல்? 1-லிருந்து 100-க்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள் என்று பிள்ளைகள் ஆடும் விளையாட்டுதான் இங்கேயும். நடுவில் இருக்கும் மாற்றம் வரை மட்டும் வைத்து கெர்னலைத் தயாரித்து ஓட்டிப் பார். ஓடினால் குற்றவாளி பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். பத்தாயிரம் மாற்றங்களுக்குக்கூட 14 தடவை பார்த்தால் ஆள் சிக்கிவிடுவார். ஒவ்வொரு தடவையும் கெர்னலைத் தயாரித்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, பிழை வருகிறதா என்று காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழை என்றால், பாவம்.

கையெழுத்துக்கு முன் மாறிய பேப்பர்

வெனம் பிழை க்யூ.இ.எம்.யு.வில் இருந்தது. கெர்னலில் இல்லை. 'கே.வி.எம் பகுதி கெட்டியானது' என்ற நம்பிக்கை வெகுநாள் இருந்தது. 2021-ல் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வில்ஹெல்ம் அந்த நம்பிக்கையில் ஒரு துளை போட்டுக் காட்டினார்.

அது விர்ச்சுவல் மெஷினுக்குள் இன்னொரு விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வசதியில் இருந்தது. அதாவது குடித்தனக்காரர் உள்வாடகைக்கு விடுவது. இன்டெல் சிப்பில் இதை நன்றாகச் செய்ய முடியும் என்று ஹைஃபாவில் இருக்கும் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 2010-ல் காட்டினார்கள். கெர்னல் எழுதுபவர்களுக்கு இது பெரிய வரம். தங்கள் கே.வி.எம் கோடையே ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்துச் சோதிக்கலாம், நிஜ கம்ப்யூட்டர் கவிழாது.

ஏ.எம்.டி. சிப்களுக்கான பகுதியில், உள்வாடகைக்கான 'ஒப்பந்தத்தை' கே.வி.எம் முதலில் படித்துச் சரிபார்க்கும். பிறகு அதே ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் பயன்படுத்தும். ஒப்பந்தப் பேப்பரோ குடித்தனக்காரரின் மேஜையில்! பத்திரப்பதிவு ஆபீஸில் அதிகாரி பத்திரத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, சீல் எடுக்கத் திரும்பும் நேரத்தில் யாரோ பக்கத்தை மாற்றிவிட்டால் எப்படியோ, அப்படி. சரிபார்த்ததற்கும் பயன்படுத்தியதற்கும் இடையில் இருந்தது நொடியின் மிகச்சிறு துணுக்கு. கம்ப்யூட்டருக்கு அது தாராளம். அந்த வழியாக வில்ஹெல்ம் உள்ளிருந்து ஓனரின் கெர்னல் வரை போய்க் காட்டினார். க்யூ.இ.எம்.யு. உதவியே இல்லாமல், கே.வி.எம்மை மட்டும் உடைத்து வெளியேறியதை விளக்கிப் பொதுவெளியில் வந்த முதல் கட்டுரை அதுதான்.

திருத்தம் எளிது. ஒப்பந்தத்தை முதலில் தன் மேஜைக்கு நகல் எடு, நகலைச் சரிபார், அந்த நகலையே பயன்படுத்து. படித்தால் 'இது தெரியாதா?' என்று தோன்றும். கெர்னலில் வரும் பெரிய பிழைகளில் பல இந்த ரகம்தான்.

இந்தச் சுவரின் மதிப்பு எவ்வளவு என்று கூகுள் 2024-ல் விலையே போட்டுவிட்டது. தாங்கள் தரும் சோதனை மெஷினில் கே.வி.எம்மை உடைத்து முழுமையாக வெளியே வந்து காட்டினால் 2,50,000 டாலர் வரை பரிசு. நம் கணக்கில் சுமார் 2 கோடி ரூபாய். தாராளம் என்று நினைக்க வேண்டாம். கூகுள் கிளவுட் ஓடுவது கே.வி.எம்மில். அமேசானும் 2017 முதல் தன் புதிய சர்வர்களில் கே.வி.எம்மை அடிப்படையாகக் கொண்ட நைட்ரோவுக்கு மாறியது. 2018-ல் அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், இதே கே.வி.எம் மேல் நின்று, நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷினை எழுப்பிவிடும். நீங்கள் ஒரு ஆப்பில் பட்டனை அழுத்திவிட்டு விரலை எடுப்பதற்குள் எங்கோ ஒரு 'கம்ப்யூட்டர்' பிறந்து, உங்கள் வேலையை முடித்து, மறைந்தும் போயிருக்கலாம்.

விஷயம் இப்போது பாக்கெட்டுக்கே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 13 முதல் சில போன்களில் 'பி.கே.வி.எம்' என்ற காவலுக்கு உட்பட்ட வகை இருக்கிறது. இதில் ஒரு தலைகீழ் மாற்றம். வழக்கமாக ஓனரை நம்பி, குடித்தனக்காரரைச் சந்தேகப்படுவார்கள். இங்கே ஓனரான ஆண்ட்ராய்டையே நம்புவதில்லை. ரகசியமான வேலைகளைச் செய்யும் விர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்கிய மெமரியை ஆண்ட்ராய்டின் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறார்கள். நாளை ஏதோ ஒரு ஆப் ஆண்ட்ராய்டை மொத்தமாக வளைத்துப் போட்டாலும் அந்த அறைக்குள் எட்டிப் பார்க்க முடியக் கூடாது என்பது திட்டம்.

உங்கள் லேப்டாப்பில் இருக்கிறதா?

ஆண்ட்ராய்டு எமுலேட்டரோ விர்ச்சுவல் பாக்ஸோ போட்டுவிட்டு, 'ஆமை வேகத்தில் ஓடுது' என்று புலம்பும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், புது லேப்டாப் வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'சி.பி.யு.'வைத் தொட்டால் கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். 'டிஸேபிள்டு' என்று காட்டினால், சிப்பில் வசதி இருந்தும் அது பயாஸில் அணைந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏ.எம்.டி. என்றால் 'எஸ்.வி.எம். மோட்' என்ற பெயரைத் தேடி ஆன் செய்யுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இடத்திலும் சிக்கல் வரும். வசதி ஆனில் இருந்தும் 'அனுமதி இல்லை' என்று வந்தால், உங்கள் யூசர் பெயர் 'கே.வி.எம்' என்ற குரூப்பில் சேரவில்லை என்று அர்த்தம். சேர்த்துவிட்டு ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வாருங்கள். லாக்-அவுட் செய்ய மறந்துவிட்டு அரை நாள் தேடுபவர்கள்தான் அதிகம்.